பேசினும் பாத்டப்பும் மாற்றியாயிற்று, இப்போது எங்கே ஒழுகுகிறது?

புது வாஷ்பேசினும் புது பாத்டப்பும் வைத்து, பிளம்பர் கணக்கை முடித்துக்கொண்டு போன நாலாம் நாள் கீழ் வீட்டு அக்கா படியேறி வந்தார். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் தெரியுது. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறை. பிளம்பரைத் திரும்ப அழைத்தேன். "சுவருக்குள்ள ஓடுற பைப்தான் சார், டைல்ஸை உடைச்சாத்தான் தெரியும்" என்றார். உடைத்தோம். நாலு டைல்ஸ் போனது. உள்ளே பைப் காய்ந்து கிடந்தது. உண்மையில் ஒழுகியது, டப் நிரம்பி வழியாமல் இருக்க மேலே விட்டிருக்கும் ஓவர்ஃப்ளோ துளைக்குப் பின்னால் சரியாக உட்காராத ஒரு ரப்பர் வளையம்.

அந்த நாலு டைல்ஸுக்கு ஜோடி இன்றுவரை கிடைக்கவில்லை. இதே செலவும் மனக்கஷ்டமும் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். உளியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும்.

முதலில் மூன்று தண்ணீரையும் பிரித்துப் பாருங்கள்

பாத்ரூமில் ஓடுவது மூன்று விதத் தண்ணீர். டேங்கிலிருந்து அழுத்தத்தோடு வரும் தண்ணீர். பேசினிலிருந்தும் டப்பிலிருந்தும் கழிந்து போகும் தண்ணீர். ஷவரில் தெறித்துச் சுவரிலும் ஓரங்களிலும் வழியும் தண்ணீர். வரும் தண்ணீர் ஒழுகினால் நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் ஒழுகும். போகும் தண்ணீர் பயன்படுத்தும்போது மட்டும் ஒழுகும். தெறிக்கும் தண்ணீர் குளித்த பிறகு, சில சமயம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கீழே தலைகாட்டும்.

எனவே ஒரு நாளைக்கு ஒரு சோதனை போதும். முதல் நாள் இரவு எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, பேசின் அடியிலும், கை நுழையும் வழி இருந்தால் டப்புக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். யாரும் தண்ணீர் புழங்க வேண்டாம். காலையில் தாள் நனைந்திருந்தால் வரும் லைனில் கோளாறு. பாத்ரூமுக்குத் தனி கேட் வால்வு இருந்தால் மறுநாள் இரவு அதை மூடிவிட்டு இதையே செய்யுங்கள். மூடியதும் ஈரம் நின்றால் ஐயமே இல்லை.

தாள் காய்ந்திருந்தால் அடுத்த நாள் குழாயைத் திறக்காமல், வேறு அறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நேராகக் கழிவுத் துளையில் ஊற்றுங்கள். சுவரும் விளிம்பும் நனையக் கூடாது. இப்போது தாள் நனைந்தால் போகும் லைன். அதுவும் காய்ந்தே இருந்தால் மூன்றாம் நாள் ஷவரைச் சுவரின் மேல் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். தடம் தெரிய வேண்டுமென்றால் ஊற்றும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் சில துளி போதும். அதிகம் விட்டால் டைல்ஸ் இடுக்கில் கறை தங்கிவிடும்.

மூன்று நாள் பொறுப்பது சிரமம்தான், கீழ் வீட்டில் ஈரம் பரவும்போது இன்னும் சிரமம். ஆனால் அந்தப் பொறுமை இல்லாமல்தான் நாங்கள் டைல்ஸை உடைத்தோம்.

பேசின் அடியில் சொட்டுகிறது

சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் மேலே கசிந்து, பைப்பின் மேல் வழிந்து, கீழ்க்கோடியில்தான் சொட்டும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் மேலிருந்து கீழாக ஒற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி.

பேசினை நிரப்பி மொத்தமாகத் திறந்துவிடும்போது மட்டும் கசிந்தால் பெரும்பாலும் வேஸ்ட் கப்ளிங்தான், அதாவது பேசினின் கழிவுத் துளையில் மாட்டும் உலோகக் கழுத்து. பேசின் வாங்கும்போது யாரும் நமக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இதில் உண்டு. 32 மி.மீ. வேஸ்ட் கப்ளிங்கில் ஹாஃப் திரெட், ஃபுல் திரெட் என்று இரண்டு வகை. ஹாஃப் திரெட்டின் கழுத்தில் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருக்கும். பேசினின் ஓவர்ஃப்ளோ துளைக்குள் இறங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் கழிவுக்குள் போகும். ஃபுல் திரெட்டில் அந்தத் திறப்பு கிடையாது. ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்கு, குறிப்பாக மேடைமேல் உட்காரும் டேபிள் டாப் வகைக்கு, அதுதான் சரி. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினில் ஹாஃப் திரெட்டைப் போட்டால், அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் கப்ளிங்குக்கும் பீங்கானுக்கும் நடுவே புகுந்து, கீழ் ரப்பரில் சிறு குறை இருந்தாலும் வெளியே வந்துவிடும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஓவர்ஃப்ளோ உள்ள பேசினில் ஃபுல் திரெட்டைப் போட்டால், உள்ளே இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தேங்கி, நாளாவட்டத்தில் நாறும். கழற்றிப் பார்த்து, தப்பான வகை என்றால் புதிதாக வாங்கி மாற்றுங்கள். வேறு மருந்து இல்லை.

வகை சரியாக இருந்தும் கசிந்தால் ரப்பரைப் பாருங்கள். பேசினுக்கு அடியில் தடித்த ரப்பர் வாஷர், அதன் கீழ் நட்டு. மேல் பக்கம் விளிம்பின் அடியில் மெல்லிய வாஷரோ கொஞ்சம் சிலிக்கானோ இருக்க வேண்டும். பீங்கானின் அடிப்பாகம் பல நேரம் கரடுமுரடாக இருக்கும். ரப்பர் உட்காரும் இடத்தை மணல்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் நன்றாக ஒட்டும். கையால் இறுக்கிவிட்டு, ரெஞ்சில் கால் சுற்று கூட்டினால் போதும்.

பேசினுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் புட்டி போன்ற பாட்டில் ட்ராப்பின் நட்டுகளில் கசிந்தால் உள்ளே உள்ள வளையத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால், தட்டைப் பக்கம் நட்டை ஒட்டியும் சரிவுப் பக்கம் ட்ராப்பின் வாயை நோக்கியும் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டு இறுக்கியதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிள் காக் (சுவரிலிருக்கும் சிறு மூடு வால்வு) சுவரோடு சேருமிடத்தில் ஈரம்

முதலில் கனெக்‌ஷன் பைப்பைப் பாருங்கள். ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்குப் போகும் பைப் அது. அதன் நட்டுக்குள் இருக்கும் ரப்பர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றினால் பயனில்லை. ரப்பர் வெட்டுப்பட்டிருந்தால் ரப்பரை மாற்றுங்கள். பித்தளை நட்டை ஆத்திரத்தோடு இறுக்கினால் விரிசல் விடும், ஒரு நாள் நள்ளிரவில் பிய்த்துக்கொள்ளும்.

சுவருக்குள் போகும் மரையில் கசிவு என்றால் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஆங்கிள் காக்கை முழுக்க இறுக்கிய பிறகு, வாய் நேராக நிற்கவில்லையே என்று கொஞ்சம் பின்னால் திருப்பியிருப்பார்கள். டேப் சுற்றிய மரையைப் பின்னால் திருப்பினாலே பிடிப்பு போய்விடும். கழற்றி, பழைய டேப்பை எல்லாம் எடுத்துவிட்டு, மரை சுற்றும் திசையிலேயே புது டேப் சுற்றி மாட்டுங்கள். இரண்டாவது காரணம், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியது. சுவர் வெளியே வந்துவிடுவதால் பைப்பின் வாய் உள்ளே போய்விடுகிறது. ஆங்கிள் காக் இரண்டு மூன்று மரையில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சரியான நீளத்தில் எக்ஸ்டென்ஷன் நிப்பிள், அதாவது மரை உள்ள நீட்டிப்புத் துண்டு, போட வேண்டும். சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) லைனாக இருந்தால் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தானா என்று கேளுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரையில் டேப்பை அள்ளிச் சுற்றி இறுக்கினால் பிளந்துவிடும்.

பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் கழற்றும்போது நிப்பிள் சுவருக்குள்ளேயே ஒடிந்துவிட்டால் பதற வேண்டாம். மெயின் வால்வை மூடிவிட்டு, ஆக்சா பிளேடால் உள்பக்கமாக ஒரு கீறல் போட்டு, ஓரத்தை உள்ளே மடக்கிச் சுழற்றி எடுத்துவிடலாம். வெளி மரையில் பிளேடு படாமல் நிதானமாகச் செய்ய வேண்டும்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

இது வந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு கீசர் லைனை மெயினில் நிறுத்துங்கள். இரும்பு பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்ட வீடுகளில் இது நடக்கும். அதுவரை கீசரில் கசிந்த மின்சாரம் இரும்புக் குழாய் வழியாகத் தற்செயலாக எர்த் ஆகிக்கொண்டிருந்திருக்கும். அந்த வழி அடைபட்டதும் தண்ணீர் மூலம் உங்கள் கைக்கு வருகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து கீசரின் எலிமென்ட்டையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். அது வரை அந்த பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம், குழந்தைகள் முக்கியமாக.

புதுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது

குழாய் வாயில் திருகியிருக்கும் ஏரேட்டரைக் கழற்றுங்கள். வேலை செய்தபோது லைனுக்குள் விழுந்த மணல், துரு, டேப் துணுக்கு எல்லாம் அந்த வலையில் நிற்கும். போர் தண்ணீர் வீடுகளில் வெள்ளை உப்பும் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் கரைந்துவிடும். கடையில் விற்கும் டாய்லெட் ஆசிட்டைக் குழாயில் ஊற்றாதீர்கள். குரோம் பூச்சு போய்விடும்.

ஏரேட்டர் சுத்தமாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கனெக்‌ஷன் பைப்பைக் குழாயிலிருந்து கழற்றி வாளியில் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் குழாய்க்குள்ளே அடைப்பு. அங்கேயும் குறைவென்றால் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள்.

மேல்மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். குழாய்க்கு 3 மீட்டர் மேலே டேங்க் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் ஒரே கைப்பிடியில் கலந்து தரும் பல சிங்கிள் லீவர் மிக்சர்களுக்கு அது போதாது. பெட்டியின் மேலேயே தேவையான அழுத்தம் அச்சிட்டிருக்கும், வாங்கும் முன் படியுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சிறிய பிரஷர் பம்ப் வைப்பது ஒரு வழி, மிக்சரை எடுத்துவிட்டுச் சாதாரண பில்லர் காக் (ஒரே லைன் தண்ணீர் வரும் நின்ற குழாய்) போடுவது இன்னொரு வழி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

பச்சைத் தண்ணீர் குழாயில் வெந்நீர் வந்தால் வேறு விஷயம். டப் மிக்சரின் இரண்டு பக்கமும் திறந்திருக்க, வாயை மட்டும் வேறெங்கோ மூடியிருப்பீர்கள். உதாரணமாக, ஹேண்ட் ஷவரின் பிடியில் உள்ள பொத்தானில். அப்போது அழுத்தம் கூடிய லைன் மற்ற லைனுக்குள் தண்ணீரைத் தள்ளும். குளித்து முடித்ததும் மிக்சரிலேயே மூடுங்கள். அப்படியும் நடந்தால், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டியிருக்கும்.

தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது

புதிதாக மாட்டிய அன்றைக்கே இப்படியென்றால் அழுக்கு காரணமாக இருக்க முடியாது. வேலையின்போது குப்பை விழாமல் இருக்கக் கழிவு பைப்பில் துணியோ பிளாஸ்டிக் கவரோ திணித்திருப்பார்கள். அதை எடுத்தார்களா என்று கேளுங்கள். அடுத்தது, ட்ராப்பிலிருந்து சுவருக்குள் போகும் பைப்பை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியிருந்தால், அது உள்ளே இருக்கும் பைப்பின் எதிர்ச்சுவரில் முட்டி வாயை அடைத்துக்கொள்ளும். இரண்டு அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள், பல நேரம் அதோடு சரியாகிவிடும். மூன்றாவது, டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட்டைக் கழுவி அந்தத் துளையிலேயே விட்டது. ட்ராப்பில் அது கல்லாக இறுகிவிடும், ட்ராப்பையே மாற்ற வேண்டும்.

ஓவர்ஃப்ளோ இல்லாத டேபிள் டாப் பேசினில் காற்று வெளியேற வழி குறைவு என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும். அழுத்தித் திறக்கும் பாப்-அப் மூடியை முழுதாகக் கழற்றினால் வேகம் கூடுகிறதா பாருங்கள். கூடினால், அடைக்காத, ஓட்டைகள் உள்ள சாதாரண ஜாலி மூடி போதும்.

நாற்றம், கரப்பான்

பாட்டில் ட்ராப் இல்லாமல், மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் பைப்பை நேராகச் சுவர்த் துளையில் செருகிவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ட்ராப்பில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. அது இல்லையென்றால் எந்த வாசனை மருந்தும் பலிக்காது. ட்ராப் இருந்தும் நாறினால், பைப்பைச் சுற்றிச் சுவர்த் துளையில் இடைவெளி இருக்கும். ரப்பர் காலர் போட்டு மூடுங்கள். மேல் வீட்டில் ஃபிளஷ் செய்யும்போது உங்கள் பேசினில் களகளவென்று சத்தம் வந்தால் கழிவு பைப்பில் காற்று போதாமல் ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது என்று பொருள். மொட்டை மாடியில், கழிவு லைனுக்குக் காற்று விடும் வென்ட் பைப்பின் வாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பேசின் ஆடுகிறது

பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் பிளாஸ்டிக் வாஷரோடு சேர்த்து இறுக்கலாம். வாஷர் இல்லாமல் இரும்பு நட்டு பீங்கானைக் கடித்தால், இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் வெடிக்கும். போல்ட்டே சுவரில் சுழன்றால், சுவர் என்ன கல் என்று கேளுங்கள். லேசான ஏ.ஏ.சி. பிளாக், ஹாலோ பிளாக் சுவர்களில் சாதாரண பிளக் நிற்காது. போல்ட்டைப் பசையால் சுவரோடு பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும், அல்லது அடியில் கால் கொடுக்கும் பெடஸ்டல் வேண்டும். இடுக்கில் வெள்ளை சிமென்ட்டைப் பூசி ஆட்டத்தை மறைப்பது தீர்வே அல்ல.

டப்பின் ஓரத்தில் சிலிக்கான் பிளக்கிறது

அக்ரிலிக் டப்பில் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ. அதில் ஒரு ஆளும் உட்கார்ந்தால் விளிம்பு கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். காலி டப்பில் பூசிய சிலிக்கான் அந்த இழுப்பில் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். அதனால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, இடத்தை உலரவிட்டு, டப்பை முதலில் நிரப்புங்கள். நிரம்பிய நிலையிலேயே பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானைப் பூசி, 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பழைய சிலிக்கான் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது.

உள்ளே கால் வைக்கும்போது கிறீச்சென்று சத்தமும் அமுங்கலும் இருந்தால் அடியில் தாங்கல் போதவில்லை. கால்கள் நாலும் தரையைத் தொடுகின்றனவா பாருங்கள்; நடுவில் மணல்-சிமென்ட் கலவை மெத்தை கொடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் அதைத் தவிர்க்காதீர்கள். குளித்த பிறகு ஒரு மூலையில் தண்ணீர் தேங்கினால் விளிம்பில் ரசமட்டம் வையுங்கள். கழிவுத் துளைக்குச் சரிவு டப்பின் அடியிலேயே வார்த்திருப்பார்கள். எனவே விளிம்பு நேர்மட்டமாக இருக்க வேண்டும். தண்ணீர் போகட்டும் என்று டப்பையே சாய்த்து வைத்தால் எதிர்மூலையில் நிற்கும்.

கீழ் வீட்டு சீலிங்கில் கறை

இது டப்பால்தான் என்று தெரிந்துவிட்டால் இன்னும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓவர்ஃப்ளோ துளைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரம் வந்தால் கழிவுத் துளையின் ரப்பர். வராவிட்டால் திறந்துவிட்டு, ஓடும்போது வருகிறதா பாருங்கள். வந்தால் 40 மி.மீ. ட்ராப்பின் இணைப்பு. இரண்டிலும் வராவிட்டால் மறுபடி நிரப்பி, ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் போகும்வரை விடுங்கள். எங்கள் வீட்டில் இந்த மூன்றாவதில்தான் வந்தது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் நீர்மட்டம் அந்த உயரத்துக்கு ஏறும். அதனால்தான் பிளம்பர் வந்து குழாயைத் திறந்து பார்த்த போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது. முன் மூடியின் திருகாணியைக் கழற்றி, பின்னால் இருக்கும் தடித்த ரப்பரை நேராக உட்காரவைத்து மாட்டினோம். வேலை கால் மணி நேரம்கூட இல்லை.

சரிசெய்த அன்றே கீழ் வீட்டுக் கறை மறையாது. கான்கிரீட் குடித்த தண்ணீர் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்து இன்னும் ஒழுகுகிறது என்று மறுபடி எதையாவது உடைக்கத் தோன்றும். அக்காவிடம் அனுமதி கேட்டு, கறையின் விளிம்பைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். "இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே சொல்லுங்கக்கா" என்றேன். வாராவாரம் போய்ப் பார்த்தேன். ஆறாவது வாரம் கறை காய்ந்து கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெயின்டரை வரச் சொன்னேன், செலவு என்னுடையது.